கமாரோவில் பூஸ்டரைக் கழற்றி மேனுவல் பிரேக்: எந்த மாஸ்டர் சிலிண்டர் தேறும்?

1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவ்ரோலே கமாரோவில் பவர் பிரேக்கை, அதாவது இன்ஜினின் வேக்குவத்தால் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரை, கழற்றிவிட்டு, கால் வலுவிலேயே இயங்கும் மேனுவல் பிரேக் போட நினைப்பவருக்கு அமெரிக்கக் கடைகளில் மூன்று ரகச் சரக்கு கிடைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) பழைய டெல்கோ வடிவத்தில் வரும் வார்ப்பிரும்பு மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் பிரஷராக மாற்றும் பாகம்) ஒன்று. வில்வுட் நிறுவனத்தின் அலுமினிய டேண்டம் (முன், பின் பிரேக்குகளுக்குத் தனித்தனி அறை கொண்ட) மாஸ்டர் சிலிண்டர் இன்னொன்று. மூன்றாவது, மாஸ்டர், புஷ் ராட் (பெடலிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் கம்பி), வால்வு, பைப் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பெயர் சொல்ல முடியாத பிராண்டில் விற்கும் "முழு கிட்".

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கும் 1969 வண்டிக்கு 1 அங்குல போர் (உள்விட்டம்) கொண்ட வார்ப்பிரும்பு மாஸ்டரே போதும், விலையும் குறைவு. இன்ஜின் அறையில் இடம் நெருக்கடி, துருப்பிடிக்காமல் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பவர்கள் வில்வுட் 1 அங்குலத்துக்குப் போகலாம். முழு கிட்டில் பெரும்பாலும் புஷ் ராடும் அதைப் பெடலில் மாட்டும் கிளெவிஸும்தான் உருப்படியான பொருள். ஆனால் எதை வாங்கினாலும், பெடலில் ராட் மாட்டும் துளை மாறவில்லை என்றால் மொத்தச் செலவும் தண்டம். அதனால் சாமான்களைப் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பூஸ்டரை ஏன் எடுக்கிறார்கள்? பெரும்பாலும் கேம்ஷாஃப்டால். பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்ய 18 அங்குலம் (பாதரச அளவில்) வேக்குவம் வேண்டும். வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் (டியூரேஷன் அதிகமான) ரேஸ் கேம் போட்ட இன்ஜின் ஐடிலில் 8, 10 அங்குலம்தான் கொடுக்கும். 11 அங்குல டயாஃப்ரம் கொண்ட பூஸ்டரை எடுத்துக்கொண்டால், 20 அங்குல வேக்குவத்தில் அதன் பரப்பில் ஏறக்குறைய 930 பவுண்டு விசை கிடைக்கும். 10 அங்குலம் என்றால் அதில் சரிபாதி. சிக்னலை நோக்கி மெதுவாக ஊர்ந்து வரும்போது முதல் மிதிக்குப் பிடிக்கும், இரண்டாவது மிதிக்குப் பெடல் கட்டை மாதிரி நிற்கும். பெரிய பிளாக் இன்ஜினின் உயரமான வால்வு கவர் பூஸ்டரில் இடிப்பது, ஹைட்ராலிக் கிளட்ச் மாஸ்டருக்கு இடம் தேவைப்படுவது ஆகியவையும் நியாயமான காரணங்கள்தான். பூஸ்டரில் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, ஐடிலில் வேக்குவம் 17, 18 இருக்கிறது என்றால் வேறொரு பூஸ்டர் வாங்கிப் போட்டுவிட்டுப் போவதே புத்தி.

கணக்கு

மேனுவல் பிரேக்கில் பிரஷரைத் தீர்மானிப்பவை இரண்டு: பெடலின் நெம்பு விகிதமும் மாஸ்டரின் போர் அளவும். பெடல் தொங்கும் பிவட்டிலிருந்து மிதிக்கும் இடத்தின் நடுவரை உள்ள நீளத்தை, அதே பிவட்டிலிருந்து புஷ் ராட் துளைவரை உள்ள நீளத்தால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 12 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்றால் 4. 2 அங்குலம் என்றால் 6. பவர் பிரேக் வண்டி ஏறக்குறைய 4க்கு 1-இல் ஓடும், மேனுவலுக்கு 6க்கு 1 வேண்டும்.

பவர் பிரேக் வண்டியில் வழக்கமாக இருப்பது 1⅛ அங்குல மாஸ்டர். அதன் பிஸ்டன் பரப்பு 0.994 சதுர அங்குலம். பூஸ்டரைச் சும்மா வேக்குவம் இல்லாமல் விட்டுவிட்டு அதே பெடலை 100 பவுண்டு அழுத்தத்தில் மிதித்தால் கிடைப்பது சுமார் 400 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பெடலை மட்டும் 6க்கு 1 ஆக்கினால் 604. மாஸ்டரையும் 1 அங்குலமாக மாற்றினால் (0.785 சதுர அங்குலம்) 764. 15/16 அங்குலத்தில் சுமார் 870. ⅞ அங்குலத்தில் கிட்டத்தட்ட 1000.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து ⅞ வாங்குகிறவர்கள் நிறைய. அங்கேதான் வழுக்கும். பிரஷர் எத்தனை மடங்கு கூடுகிறதோ, பெடல் ஓட்டமும் அத்தனை மடங்கு கூடும். 4க்கு 1, 1⅛ அங்குலத்திலிருந்து 6க்கு 1, 1 அங்குலத்துக்கு மாறினால் இரண்டுமே ஏறக்குறைய 1.9 மடங்கு. ⅞-க்குப் போனால் 2.5 மடங்கு. 1969 கமாரோவின் முன் கேலிப்பரில் (பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) உள்ள ஒற்றை பிஸ்டன் 2 15/16 அங்குலம். இவ்வளவு பெரிய பிஸ்டனை நகர்த்த நிறைய பிரேக் ஆயில் வேண்டும். பின் டிரம்மில் லைனிங் கொஞ்சம் விலகியிருந்தாலே ⅞ மாஸ்டரின் பெடல் தரையைத் தொட்டுவிடும். இந்த வண்டிக்கு 1 அங்குலம் சரி, கால் வலு குறைந்தவருக்கு 15/16. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பெடலில் உள்ள இரண்டு துளைகள்

கமாரோவின் பிரேக் பெடலை டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ராட் மாட்டும் இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு துளைகள் இருக்கும். கீழ்த்துளை பவர் பிரேக்குக்கு, மேல்துளை மேனுவலுக்கு. தொழிற்சாலையிலேயே இரண்டையும் போட்டுவிட்டார்கள். பெடலை மாற்றவோ லேத் பட்டறையில் துளை போடவோ தேவையில்லை, பின்னைக் கழற்றி மேல்துளையில் மாட்டினால் வேலை முடிந்தது.

கீழ்த்துளையிலேயே விட்டுவிட்டால் விகிதம் 4-லேயே நிற்கும் என்பது ஒரு கெடுதல். இன்னொன்றும் உண்டு. பூஸ்டரைப் பிடித்திருந்த பிராக்கெட் அதைச் சாய்வாக வைத்திருந்தது, அந்தச் சாய்வு கீழ்த்துளைக்குப் பொருந்தும். மேனுவல் மாஸ்டரோ ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் காருக்குள்ளும் நடுவே உள்ள தகடு) நேராக உட்காரும். கீழ்த்துளையிலிருந்து ராட் கோணலாகப் போய்ப் பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளும். மாஸ்டரின் பின் சீல் சீக்கிரம் தேய்ந்து, ஆயில் ஃபயர்வால் பெயின்ட் மேல் வடிய ஆரம்பிக்கும். பிரேக் ஆயில் ரகங்களான டாட் 3, டாட் 4 இரண்டுமே பெயின்ட்டைத் தின்றுவிடும்.

வாங்கும்போது பென்சில் எடுத்துப் போங்கள்

மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம், பிஸ்டனின் நடுவில் ராட் உட்காரும் குழி இருக்கும். பவர் பிரேக் மாஸ்டரில் அது ஆழமில்லாதது, கால் அங்குலம் அளவுதான். பூஸ்டரின் குட்டை முனை அதைத் தள்ளினால் போதும், விழுந்துவிடும் என்ற பயமில்லை. மேனுவல் மாஸ்டரில் குழி ஒன்றரை, இரண்டு அங்குலம் ஆழம் போகும். ராட் உள்ளே போய் உட்கார்ந்து, ரப்பர் வளையத்தால் அங்கேயே பிடித்து நிற்கும்.

ஒரு பென்சிலைக் குழியில் விட்டுப் பாருங்கள். நகத்தளவு போய் முட்டினால் அது பவர் பிரேக் மாஸ்டர், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. பெட்டியும் உள்ளிருக்கும் சரக்கும் ஒத்துப்போகாதது ரீபில்ட் செய்து வரும் மாஸ்டர்களில் சகஜம். ஆழமில்லாத குழியில் மேனுவல் ராடை வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? பெடல் சற்றே மேலே இழுபட்டால் போதும், ராட் நழுவிக் கீழே தொங்கிவிடும். அடுத்த மிதியில் பெடல் காற்றில் போகும், பிரேக் பூஜ்யம். இந்த மாற்றத்தில் உயிருக்கு ஆபத்தான தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதுதான்.

மூன்று சரக்குகள்

வார்ப்பிரும்பு மாஸ்டர். கனம். மூடியைக் கம்பி வளையம் பிடித்திருக்கும், ஆயில் சிந்திய இடத்தில் ஒரு மழைக்காலத்திலேயே துரு பூக்கும். ஆனால் ஃபயர்வாலில் 3⅜ அங்குல இடைவெளியில் உள்ள போல்ட்டுகளில் மல்லுக்கட்டாமல் உட்கார்ந்துவிடும், விரித்த வாய் (ஃப்ளேர்) கொண்ட பழைய பைப்பின் நட்டுகளும் அடாப்டர் இல்லாமல் பொருந்தும். டிஸ்க்/டிரம் மாஸ்டரா, டிரம்/டிரம் மாஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்க்/டிரம்மில் ஒரு ரிசர்வாயர் பெரியது, அது டிஸ்க்குக்கு. பேட் தேயத் தேய கேலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலை வாங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெரிய கிண்ணம். டிரம்/டிரம் மாஸ்டரை டிஸ்க் வண்டியில் மாட்டினால் இன்னொரு சிக்கல் வரும். டிரம் போர்ட்டில் பித்தளை சீட்டுக்குப் பின்னால் பெடலை விட்டபின்னும் லைனில் 10 பி.எஸ்.ஐ. தங்கவைக்கும் ரெசிடுவல் வால்வு ஒளிந்திருக்கும். அது டிஸ்க் லைனில் இருந்தால் பேட் ரோட்டரை (டிஸ்க் தட்டை) விடாமல் உரசி, சக்கரம் சுட்டுவிடும்.

வில்வுட் அலுமினிய டேண்டம். வில்வுட் 1977-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிரேக் நிறுவனம், ரேஸ் வண்டிகளில் பெயர் வாங்கியது. இந்த மாஸ்டர் கைக்கு இலேசானது, உடல் சிறியது, வால்வு கவரிலிருந்து நல்ல இடைவெளி கிடைக்கிறது. போர் அளவுகளும் வேண்டியபடி வருகின்றன. குறை என்னவென்றால், உள்ளே ரெசிடுவல் வால்வு கிடையாது. பின் டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. வால்வை லைனில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். வில்வுட்டே விற்கிறது: சிவப்பு 10, நீலம் 2. நீலத்தை இந்த வண்டிக்கு வாங்காதீர்கள். மாஸ்டர் கேலிப்பரைவிடத் தாழ்வாக, தரைக்கு அடியில் இருக்கும் வண்டிகளுக்கானது அது. கமாரோவின் மாஸ்டர் ஃபயர்வாலில் உயரத்தில் இருக்கிறது. பழைய லைன் நட்டுகளுக்கு அடாப்டரும் தேவைப்படலாம். வாங்குமுன் பெட்டியில் புஷ் ராட் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு கிட். குரோம் பூச்சு, கவர்ச்சியான மூடி, வளைத்துத் தயாராக வைத்த பைப்புகள், முன், பின் பிரஷரைப் பங்கிடும் காம்பினேஷன் வால்வு. பார்க்க எல்லாம் சரி. வளைத்த பைப் இந்த வண்டியின் பூஸ்டர் பிராக்கெட் நிலைக்கு வளைத்ததா, ஃபயர்வாலில் ஒட்டிய நிலைக்கு வளைத்ததா என்பது கையில் வந்த பிறகுதான் தெரியும். ஃப்ளேர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, குரோம் செதில் ரிசர்வாயருக்குள் உதிர்ந்து கிடப்பது, நட்டின் இழை வெட்டு கரடாக இருப்பது ஆகியவைதான் இந்த ரகத்தில் பார்க்க வேண்டிய இடங்கள். ஃப்ளேரின் முகத்தில் விரல் நுனியை வைத்துச் சுற்றுங்கள். ஓரத்தில் கீறலோ மேடோ தட்டுப்பட்டால் அது கசியும், எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

எண்பதுகளின் குறைந்த உராய்வுக் கேலிப்பர்களுக்காக ஜி.எம். செய்த, உள்ளே இரண்டு போர் அளவு கொண்ட ஸ்டெப் போர் மாஸ்டர்களைச் சிலர் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த வண்டியில் மாட்டுகிறார்கள். அது அந்தக் கேலிப்பர்களுக்கென்றே செய்தது, இங்கே வேலைக்கு ஆகாது.

மாட்டும் முறை

முதலில் மாஸ்டரிலிருந்து எந்த லைன் எங்கே போகிறது என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். ரிசர்வாயரில் உள்ள ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, லைன்களை ஃப்ளேர் நட் ஸ்பேனரால் கழற்றுங்கள். சாதா ஓபன் ஸ்பேனர் போட்டால் ஐம்பது வருஷத்து நட்டின் மூலை உருண்டுவிடும். பிறகு மாஸ்டர், பூஸ்டர், பிராக்கெட் மூன்றும் வெளியே.

பூஸ்டருக்கு வேக்குவம் கொடுத்த இன்டேக் மேனிஃபோல்ட் ஓட்டையை மறந்துவிடாதீர்கள். ரப்பர் மூடி போட்டால் இன்ஜின் சூட்டில் ஒரு வருஷத்தில் வெடித்து, ஐடில் ஏறி இறங்கும், கலவை மெலிந்து பேக்ஃபயர் அடிக்கும். அளவு பார்த்துப் பித்தளை பிளக் போடுங்கள். ஃபயர்வாலில் மிச்சமாகும் துளைகளையும் ரப்பர் கிராமெட்டால் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் சூடும் புகையும் காலடிக்கு வரும்.

புது மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து காற்று எடுக்க வேண்டும். இரண்டு போர்ட்டிலிருந்தும் சிறு குழாய்களைத் திரும்ப ரிசர்வாயருக்குள் விட்டு, ஆயில் நிரப்பி, மரக்குச்சியால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை சிறுசிறு தள்ளலாகத் தள்ளினால் போதும். இதைச் செய்யாமல் மாட்டினால் மாஸ்டருக்குள் மாட்டிக்கொண்ட காற்றைச் சக்கரத்தில் எவ்வளவு பிளீட் செய்தாலும் (ஆயிலோடு காற்றை வெளியேற்றினாலும்) வெளியே கொண்டுவர முடியாது. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும், பழி கேலிப்பர் மேல் விழும்.

பூஸ்டர் போனதால் மாஸ்டர் பின்னால் நகர்ந்துவிட்டது. பழைய லைன் எட்டும், ஆனால் மிச்சம் முன்பக்கம் துருத்தும். வளைத்துச் சுருட்டிவிடுவதைவிட வெட்டிப் புதிதாக ஃப்ளேர் போடுவது மேல். நிக்கல் கலந்த செம்புக் குழாய் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. 45 பாகை இரட்டை ஃப்ளேர் கட்டாயம். கம்ப்ரெஷன் ஃபிட்டிங் பிரேக் லைனில் எங்கேயும் கூடாது.

ராடின் நீளத்தை வைக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். பெடல் முழுதாக மேலே இருக்கும்போது ராட் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1/16 அங்குலம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். பெடலில் அது 3/8 அங்குலமாகத் தெரியும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ரிசர்வாயருக்குத் திரும்பும் சிறுதுளை மூடியே இருக்கும். நாலு தரம் பிரேக் அடித்து ஆயில் சூடானதும் விரிவடையப் போக்கிடம் இல்லாமல் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி இழுக்கும், சக்கரம் நாறும், ஆறியபின் ஒன்றுமே இல்லாததுபோல் ஓடும். இந்த நோயை ரொம்பப் பேர் கேலிப்பர் மாற்றித் தீர்க்கப் பார்க்கிறார்கள், லாக் நட்டைத் தளர்த்தி ராடை அரைச் சுற்று திருப்பினால் தீரும் நோய். அளவு வைத்ததும் லாக் நட்டை இறுக்கி, பிரேக் லைட் ஸ்விட்சையும் புதுப் பெடல் நிலைக்கு நகர்த்துங்கள்.

பின் டிரம்மை இதற்கு முன்பே சரிசெய்திருக்க வேண்டும். ஸ்டார் வீலைத் திருப்பி, சக்கரம் கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் கேட்கும்வரை லைனிங்கைக் கொண்டுவாருங்கள். பூஸ்டர் இருந்தபோது தெரியாத தளர்ச்சி, 1.9 மடங்கு ஓட்டத்தில் அப்பட்டமாகத் தெரியும். "புது மாஸ்டர் சரியில்லை, பெடல் பாதி இறங்குது" என்ற புகாரில் பாதிக்குமேல் பின் டிரம் சமாசாரம்தான்.

பிளீட் செய்வது பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம் என்ற வரிசையில். வாங்க வேண்டியது டாட் 3 அல்லது டாட் 4, ஒரு குவார்ட்டுக்கு (ஏறக்குறைய ஒரு லிட்டர்) குறையாமல். டாட் 5 சிலிக்கான் ஆயில் பெயின்ட்டைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் அதில் பொடிக் காற்றுக் குமிழி எளிதில் கலந்து நின்றுவிடும், மேனுவல் பிரேக்கில் அது பெடலை மென்மையாக்கிவிடும். பிரஷர் பிளீடர் போடுகிறவர்கள், டிஸ்க் வண்டியில் முன் பிரஷரைச் சற்றுத் தாமதப்படுத்தும் மீட்டரிங் வால்வின் முனையைப் பிடித்துத் திறந்து வைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் முன் சக்கரத்துக்கு ஆயிலே வராது.

முடித்ததும் பெடலைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கேயோ கசிவு, அல்லது மாஸ்டரின் உள் சீல் விடுகிறது. இறங்காமல் நின்றால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, எல்லா நட்டையும் துணியால் துடைத்து மறுபடி பாருங்கள்.

பேட் பற்றி ஒரு வார்த்தை

பூஸ்டர் இல்லாத வண்டிக்குப் பேட் தேர்வு பாதி வேலை. பேடின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து குளிரில், இரண்டாவது சூட்டில் உராய்வு எவ்வளவு என்று சொல்லும். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இந்தக் கமாரோவுக்குக் குறைந்தது எஃப்எஃப். கடினமான செமி மெட்டாலிக் பேட் சூடேறியபின்தான் கடிக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து எடுத்த முதல் நிறுத்தத்தில் அதை நம்பி மிதித்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு ஆர்கானிக் அல்லது நல்ல செராமிக்.

முன் பிரேக் பலமானபின் பின் சக்கரம் லாக் ஆகிச் சறுக்குவதாகத் தெரிந்தால், அட்ஜஸ்ட் செய்யும் வால்வு ஒன்றைப் பின் லைனில் சேர்ப்பது வழக்கம். வில்வுட்டின் வால்வு பின் பிரஷரை 57 சதவீதம்வரை குறைக்கும். முழு கிட்டில் வந்த காம்பினேஷன் வால்வு ஏற்கனவே இருக்கும்போது, அதோடு சேர்த்து இன்னொன்றைத் தொடராகப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து பின் பிரேக்கையே இல்லாமலாக்கிவிடும், முன் பேட் மட்டும் சீக்கிரம் கரையும்.

பூஸ்டர் இல்லாத பழைய அம்பாசிடரை நாலு டிரம் பிரேக்கோடு ஓட்டிப் பழகிய கால்களுக்கு இந்தப் பெடல் புதிதாகத் தோன்றாது. இன்றைய காரின் பூ மிதிக்குப் பழகியவர்களுக்கு முதல் வாரம் தொடை வலிக்கும். பலருக்கு ஓட்டக் கொடுக்கும் வண்டி, முட்டி வலி உள்ளவர் ஓட்டும் வண்டி என்றால் பூஸ்டரை வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் வாங்குங்கள், அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து ஓடும் ஹைட்ரோபூஸ்ட்டைப் பாருங்கள். மற்றவர்களுக்கு 1 அங்குல வார்ப்பிரும்பு மாஸ்டர், மேல்துளை, எஃப்எஃப் பேட். முதல் நூறு மைல் ஓடியபின் பின் டிரம்மை மறுபடி ஒருமுறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும், புது லைனிங் உட்கார்ந்ததும் இடைவெளி விழும்.